பிக்கப் வண்டிக்கு மாற்று டீசல் எஞ்சின் தேர்ந்தெடுப்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மேடுகளுக்கான முழு வழிகாட்டி

எஞ்சின் தேடி சென்னை புதுப்பேட்டைக்கோ பெங்களூரு சிவாஜி நகருக்கோ கிளம்புவதற்கு முன்னால், உங்கள் வண்டியின் பின் அச்சை ஒரு முறை குனிந்து பாருங்கள். கிரவுன்-பினியன் விகிதம் (அச்சு விகிதம்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது) என்ன, டயர் என்ன சைஸ், கியர்பாக்ஸில் ஒவ்வொரு கியரும் என்ன விகிதம். இந்த மூன்றும் தெரியாமல் வாங்கிய எஞ்சின் எத்தனை எச்பி இருந்தாலும் மேட்டில் திணறும், அல்லது நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டே டீசல் குடிக்கும். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகிற வண்டியின் தேவை வேறு. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் ஏறிப் போகிற வண்டியின் தேவை வேறு. அஞ்செட்டி, வத்தல்மலை என்று வளைவுகளிலேயே ஓடுகிற வண்டிக்கு இரண்டுமே பொருந்தாது.

மாற்றத்தான் வேண்டுமா?

"வண்டியில் இழுவையே இல்லை" என்பது எஞ்சினை இறக்கக் காரணம் ஆகாது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நாசில், பம்ப் டைமிங், வால்வ் இடைவெளி, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கிழிசல், கிளட்ச் வழுக்கல், பிடித்துக்கொண்டே இருக்கும் பின் பிரேக் என்று இத்தனையையும் முதலில் பாருங்கள். கிளட்ச் வழுக்குவதை எஞ்சின் பலவீனம் என்று நினைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும். மேட்டில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச்தான்.

பிளாக் நன்றாக இருந்து, கிராங்க் ஷாஃப்ட் இன்னும் கிரைண்டிங் தாங்கும் என்றால் சிலிண்டர் துளையைக் கடைந்து (போர் போட்டு), பிஸ்டன் செட், பேரிங் மாற்றி, ஹெட் வேலை பார்த்து அதே எஞ்சினை ஓட்டுவதே நல்லது. கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், பிளாக்கில் விரிசல் இருந்தால், கிராங்க் கடைசி அண்டர்சைஸையும் (தேய்த்துக் குறைக்கக்கூடிய கடைசி அளவு) தாண்டிவிட்டால், உதிரி பாகமே கிடைக்காத எஞ்சினாக இருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பேப்பர் வேலை முதலில்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதனால் நடைமுறையில் தேர்வு இரண்டாகப் பிரிகிறது.

அதே கம்பெனி, அதே மாடல், அதே சிசி, அதே எரிபொருள் எஞ்சினைப் போடுவது சுலபமான வழி. தர்மபுரி என்றால் டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70 அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் வண்டியைக் காட்டி, புதிய எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வேறு சிசி, வேறு கம்பெனி எஞ்சின் என்றால் எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். பொதுச் சாலைக்கு வராமல் தோட்டத்துக்குள்ளும் குவாரிக்குள்ளும் மட்டும் ஓடும் வண்டி என்றால் இந்தச் சிக்கல் குறைவு. மஞ்சள் போர்டு வண்டியில் இதிலிருந்து தப்ப வழியே இல்லை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி வருடா வருடம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) போக வேண்டும். எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

வண்டி பதிவான காலத்துப் புகை விதியையும் மறக்கக் கூடாது. நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது 2017 ஏப்ரல் 1-இல், ஸ்டேஜ் 6 வந்தது 2020 ஏப்ரல் 1-இல். ஸ்டேஜ் 4 வண்டியில் பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினை இறக்கினால் விதியிலும் தப்பு, புகைச் சோதனையிலும் தேறாது.

விற்பவரிடம் எஞ்சின் நம்பர் எழுதிய பில், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் ஆர்.சி. நகல், அது கழிக்கப்பட்டதற்கான ஆதாரம் மூன்றையும் வாங்குங்கள். நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எவ்வளவு இழுவை வேண்டும் என்று கணக்கிடுங்கள்

வண்டி 1.7 டன், சரக்கு 1.2 டன், மொத்தம் 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் மலைச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். மேட்டுக்கு 2,845 நியூட்டன், டயர் உருளலுக்குச் சுமார் 430, காற்றுக்கு 40 என்று மொத்தம் ஏறக்குறைய 3,310 நியூட்டன் விசை வேண்டும். கியர், அச்சு இழப்பையும் சேர்த்தால் எஞ்சினில் 29 எச்பி போதும். ஆமாம், 29 எச்பி. ஆகவே எச்பி இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை டார்க்கில், அதாவது சுழற்றும் விசையில் இருக்கிறது. 215/75 ஆர்15 டயரின் உருளும் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர், ஆரம் 0.34 மீட்டர். சக்கரத்தில் வேண்டியது 1,125 நியூட்டன் மீட்டர். பின் அச்சு 4.1, இரண்டாவது கியர் 2.2 என்றால், 15 சதவீத இழப்பைக் கழித்து எஞ்சின் தர வேண்டியது 147 நியூட்டன் மீட்டர். அதுவும் எந்த ஆர்பிஎம்மில்? 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த கியரில் எஞ்சின் சுமார் 1,400 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். 1,400-இல் 147 வர வேண்டும். 2,400-இல் வந்து பயனில்லை. எஞ்சின் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

நெடுஞ்சாலைக்கு எதிர்க் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் இந்த டயர் நிமிடத்துக்கு 623 சுற்று சுற்றும். அச்சு 4.1, ஐந்தாவது கியர் 0.8 என்றால் எஞ்சின் சுமார் 2,040 ஆர்பிஎம்; அருமை. அச்சு 5.1, டாப் கியர் 1.0 என்றால் 3,180. அதிகபட்சமே 3,000 சுற்றும் கனமான எஞ்சினை அந்த அச்சோடு மாட்டினால் வண்டி 75-ஐத் தாண்டாது, சத்தம் தாங்காது.

அச்சு விகிதம் எழுதியிருக்கவில்லை என்றால் நீங்களே அளக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி 10-ஆல் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 41 சுற்று என்றால் 4.1. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் 20-க்கு 10 என்று பாதியாகிறது.

கையில் கிடைக்கும் எஞ்சின்கள்

மகிந்திரா 2,523 சிசி குடும்பம் இந்தப் பகுதிக்கு இயல்பான தேர்வு. பொலேரோவில் வந்த காமன் ரயில் (கணினி கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசல் தெளிக்கும்) வடிவம் சுமார் 63 எச்பி, 195 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 ஆர்பிஎம்மிலேயே. மேலே போட்ட கணக்குக்கு இரண்டாவது கியரில் தாராளம். உதிரி பாகம் ஊத்தங்கரையிலும் கிடைக்கும், அரூரிலும் கிடைக்கும். பொலேரோ பிக்கப்புக்கு இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்கக் காரணம் தெரியவில்லை.

டாடாவின் 2,956 சிசி எஞ்சின் இழுவைக்குப் பேர்போனது. சுமோ கோல்டில் வந்த காமன் ரயில் வடிவம் 3,000 ஆர்பிஎம்மில் சுமார் 85 எச்பி, 1,000 முதல் 2,000 வரை 250 நியூட்டன் மீட்டர். இரண்டாவது கியரில் ஏறும் மேட்டில் இது 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவதிலேயே ஏறும். ஆனால் எடை அதிகம், முன் ஸ்பிரிங் பட்டை தாங்க வேண்டும். மெதுவாகச் சுற்றுவதால் அச்சு விகிதம் 4-க்கு அருகில் இருக்க வேண்டும். டாடா 207-க்கு இது சொந்த வீட்டு எஞ்சின். மற்ற வண்டிகளில் இறக்கினால் கியர்பாக்ஸும் கூடவே வர வேண்டும்.

குவாலிஸில் இருந்த டொயோட்டா 2,446 சிசி எஞ்சின் மெக்கானிக்கல் பம்ப், எளிமை, நீண்ட ஆயுள் என்று ஆசை காட்டும். டர்போ இல்லை, 151 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,400 ஆர்பிஎம்மில். நிறைசுமையோடு அஞ்செட்டி ஏற முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். அரை டன், முக்கால் டன் ஏற்றும் வண்டிக்குப் போதும். டைமிங் பெல்ட் எஞ்சின் என்பதால் வாங்கிய அன்றே பெல்ட், டென்ஷனர் மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வ் பிஸ்டனில் அடிக்கும். இன்னோவாவின் 2,494 சிசியும் பெல்ட் எஞ்சின்தான். 1,400-இலிருந்தே 200 தருவதால் மேட்டுக்கு இதுவே மேல். ஆனால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங், சாவி எல்லாம் முழுதாக வேண்டும்.

ஃபோர்ஸ் ட்ராக்ஸில் வந்த மெர்சிடீஸ் வழி 2,399 சிசி எஞ்சின் அடிபட்டாலும் ஓடும் ரகம். வேகத்தை எதிர்பார்க்காத தோட்ட வண்டிக்கு நல்லது. ஸ்கார்பியோவின் எம்-ஹாக் 2,179 சிசி, சுமார் 120 எச்பி, 280 நியூட்டன் மீட்டருக்குக் குறையாது என்றதும் பலர் மயங்குவார்கள். டர்போ நன்றாக எழுவது 1,800-க்கு மேலே. சரக்கு வண்டியின் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எதுவும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. சரக்குக்கு இது வேண்டாம்.

பொதுவாகச் சொன்னால், மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு ஒரு ஸ்டாப் சொலனாய்டு (டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் மின் வால்வ்), குளோ பிளக் ரிலே, ஆயில் பிரஷர் விளக்கு இருந்தால் ஓடும். காமன் ரயிலுக்கு ஈசியு, முழு வயரிங், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), சாவி, ஆக்சிலேட்டர் பெடல், எல்லா சென்சாரும் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். "வயரிங் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தனி எஞ்சினாக வாங்கிய காமன் ரயில் பட்டறை மூலையில் துரு ஏறிக் கிடக்கும்.

அளவெடுப்பு

பழைய எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே அளக்க வேண்டியவை: ரேடியேட்டரிலிருந்து ஃபயர்வால் வரை நீளம், சேஸ் உள்பக்க அகலம், கிராங்க் மையத்திலிருந்து முன் குறுக்குச் சட்டம் வரை உயரம், பானட் மூடிய நிலையில் மேல் இடைவெளி. பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஆயில் சம்ப். அதன் குழி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் ராடிலோ முன் அச்சிலோ இடித்தால் சம்பை வெட்டி ஒட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது ஆயில் பிக்கப் குழாயின் அடி சம்ப் தரையிலிருந்து முன்பிருந்த அதே இடைவெளியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் ஆயில் முன்னால் ஓடி பிரஷர் விழும், பேரிங் போகும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் வெவ்வேறு கம்பெனி என்றால் இடையில் அடாப்டர் பிளேட் தேவை. ஓசூர் சிப்காட் பக்கம் நல்ல லேத், மில்லிங் வேலை செய்யும் சிறு தொழிற்கூடங்கள் உண்டு. அவர்களிடம் வரைபடம் கொடுக்காமல், இரண்டு பாகங்களையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிளேட் பொருத்திய பிறகு ஃப்ளைவீலில் டயல் கேஜ் கட்டி, பெல் ஹவுசிங்கின் மையத் துளையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். முள்ளின் மொத்த அசைவு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளையும்; பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் பேரிங், கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் போகும். போல்ட்டை மட்டும் நம்பாமல் இரண்டு டவல் பின் (இடம் பிசகாமல் நிறுத்தும் ஆணி) கட்டாயம் அடிக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, பைலட் பேரிங் உள்விட்டம், செல்ஃப் மோட்டார் பல் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதை பிளேட் வெட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பழைய எஞ்சினைச் சோதிப்பது

குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், பிளாக்கில் கை வைத்தாலே தெரியும். மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் வெள்ளைப் புகை ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றால் பயமில்லை. நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப்புகை ஆயில். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாகத் துளைமேல் வைத்துப் பாருங்கள்: மெல்ல நடுங்கினால் சரி, குதித்து விழுந்தால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது.

குளோ பிளக் அல்லது நாசில் துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, முழு சார்ஜ் பேட்டரியில் சுற்றிப் பாருங்கள். 25 பாருக்கு மேல் இருந்தால் நல்லது, 20-க்குக் கீழே வேண்டாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. சூடான பின் ஐடிலில் ஆயில் பிரஷர் 1 பார், 2,000 ஆர்பிஎம்மில் 3 பார் அளவு வேண்டும். கிராங்க் புல்லியைக் கம்பியால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் போயிருக்கிறது. டர்போ தண்டு பக்கவாட்டில் மிக லேசாக ஆடலாம், முன்-பின் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது.

வேக்கம், தண்ணீர், வயர்

பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவது வேக்கம் பம்ப். டீசல் எஞ்சினின் இன்டேக்கில், பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்குத் தேவையான உறிஞ்சு விசை (வேக்கம்) இல்லை. ஆல்டர்னேட்டரிலோ கேம் ஷாஃப்ட்டிலோ ஒட்டியிருக்கும் பம்புதான் அதைத் தருகிறது. எஞ்சின் பம்பில்லாமல் வந்திருந்தால் மாட்டாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுபவர்கள் இதை அறிய வேண்டும்: அணைத்ததும் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்கம் சில மிதிகளுக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது.

ரேடியேட்டர் புது எஞ்சினுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஃபேன் கவசம் இல்லாமல் மாட்டக் கூடாது. மெதுவாக மேடு ஏறும்போது காற்றை இழுப்பது அதுதான். "சூடாகுது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பழக்கமாகிவிட்டது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், சுமையில் சூடு கூடத்தான் செய்யும். எங்கள் மாவட்டங்களின் போர் தண்ணீர் உப்பு நிறைந்த கடினத் தண்ணீர். ஹெட்டுக்குள் காரை படிந்து வழி அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

எஞ்சினிலிருந்து சேஸுக்கும், சேஸிலிருந்து பேட்டரிக்கும் தடித்த எர்த் பட்டை போடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்டில் நிற்பதால் எர்த் இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியே போய் அதைப் பொசுக்கும். வாங்கும் எஞ்சினின் செல்ஃப், ஆல்டர்னேட்டர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பாருங்கள்.

இறக்கி ஏற்றிய பிறகு

புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறியிருந்தால் வெட்டி, பேலன்ஸ் செய்து மாட்டுங்கள். கியர்பாக்ஸ் முனையும் அச்சு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். இரண்டு ஜாயிண்ட் கோணமும் சமமாக, 3 டிகிரி அளவுக்குள் இருந்தால் அதிர்வு வராது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் சொலனாய்டு வயரைக் கழற்றி (காமன் ரயிலில் நாசில் கனெக்டர்களை), ஆயில் பிரஷர் ஏறும் வரை பத்து பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள். பிறகு டீசல் லைனில் காற்றெடுங்கள். காமன் ரயிலில் உயர் அழுத்தக் குழாய் நட்டை எஞ்சின் சுற்றும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டர்போ எஞ்சின் என்றால் இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். எஞ்சின் ஆயிலை உறிஞ்சித் தானாக வேகமெடுத்தால் சாவியால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

ஏற்றிய பிறகு எடை மேடையில் முன் அச்சை மட்டும் நிறுத்தி எடை போட்டு, பழைய எடையோடு ஒப்பிடுங்கள். முதல் ஓட்டம் வெறும் வண்டியோடு, அடுத்தது பாதிச் சுமை, அதற்குப் பிறகுதான் முழுச் சுமை. சூளகிரி வழியாக ஓசூர் ஏறும் சாலை இதற்கு நல்ல சோதனை. தெர்மோஸ்டாட் திறக்கும் அளவைத் தாண்டி வெப்பமுள் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, கவசம், பெல்ட், ஹெட் கேஸ்கட் என்ற வரிசையில் பாருங்கள். இறக்கத்தில் ஏறிய அதே கியரில் இறங்கி, பெடல் ஒவ்வொரு மிதிக்கும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மவுன்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட் அனைத்தையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்க வேண்டும்.